மழை வந்தால் ஆறு சுத்தமாகிவிடுமா?

கேள்வி இதுதான்: ஆற்றில் ஒரே இடத்தில் மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் முடிவுகள் தாறுமாறாக மாறுகின்றன. கோடையில் ஒரு விதம், மழைக்காலத்தில் வேறு விதம். இதில் பருவத்தின் பங்கு எவ்வளவு, கழிவு விடுபவர்களின் பங்கு எவ்வளவு? இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. ஆனால் பருவத்துக்கு இத்தனை சதவீதம், கழிவுக்கு இத்தனை சதவீதம் என்று கூறுபோட்டுக் கொடுக்க முடியாது. ஒரே சாக்கடை வெள்ளக் காலத்தில் ஆற்றுக்கு உறைக்கவே உறைக்காது; கோடையில் மீனைக் கொல்லும். ஒரே வயல் உரம் கோடை முழுக்க மண்ணுக்குள் சும்மா கிடக்கும். முதல் பெருமழையில் மொத்தமாக ஆற்றில் இறங்கும். அதனால் ஒவ்வொரு மாசும் எந்த வழியாக வருகிறது, அந்த வழி எந்தக் காலத்தில் திறக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி.

குழாய் வழியாக வருவதை முதலில் எடுத்துக்கொள்வோம். சுத்திகரிப்பு நிலையம், தொழிற்சாலை, சாக்கடை வாய்க்கால் எல்லாம் இதில் சேர்த்தி. இடம் தெரியும், போய்க் கைகாட்ட முடியும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஊற்றிக்கொண்டிருக்கும். அடுத்தது பரவலாக வருவது: வயல் உரம், கால்நடைச் சாணம், தெருப் புழுதி, வண்டிகளின் எண்ணெய்க் கசிவு, மரம் வெட்டிய சரிவுகளின் மண். மழை தள்ளினால்தான் இது ஆற்றுக்கு வரும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை: ஆற்றுப் படுகையிலும் நிலத்தடி நீரிலும் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் பழைய அழுக்கு.

குழாய்க் கழிவைப் பருவம் எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். கழிவின் பலத்தை அளக்க பிஓடி என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள கரிம அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்பதே அது. சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையில் இது 200, 300 என்று இருக்கும். நன்றாகச் சுத்திகரித்த நீரில் 20 அல்லது அதற்குக் கீழே. இப்போது ஒரு சுத்திகரிப்பு நிலையம் நொடிக்கு 1 கனமீட்டர் நீரை 20 பிஓடியுடன் ஆற்றில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து வரும் ஆற்று நீர் நொடிக்கு 8 கனமீட்டர், அதன் பிஓடி 2. இரண்டும் கலந்தால் கிடைப்பது 4. ஆறு சமாளித்துக்கொள்ளும்.

கோடையில் ஆற்று வரத்து 8-இலிருந்து 1 கனமீட்டராகச் சுருங்குகிறது. நிலையம் ஒரு தப்பும் செய்யவில்லை, அதே 20 பிஓடி நீரைத்தான் விடுகிறது. கலந்த நீரின் பிஓடி 11 ஆகிவிடுகிறது. கழிவில் எந்த மாற்றமும் இல்லை, ஆறு மட்டும் இளைத்துப் போயிருக்கிறது.

இந்த எண்களை நானாகப் பொறுக்கி எடுக்கவில்லை. பிரிட்டனில் கழிவுநீர் வெளியேற்றத்தை ஆராய்ந்த அரச ஆணையம் 1912-இல் வெளியிட்ட தன் எட்டாவது அறிக்கையில் 20 பிஓடி, லிட்டருக்கு 30 மில்லிகிராம் கலங்கல் துகள் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. அந்த 20 என்ற எண்ணே, கழிவைப் போல எட்டு மடங்கு ஆற்று நீர் இருக்கும், அதுவும் ஓரளவு சுத்தமாக இருக்கும் என்ற அனுமானத்தில் வந்தது. வரம்பு உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு அடியில் இருந்த எட்டு மடங்கு நிபந்தனையைப் பல இடங்களில் மறந்துவிட்டார்கள். கோடையில் கழிவே ஆறாக ஓடும் இடங்களில், "எங்கள் நீர் வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று நிலையம் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்காவில் இதற்காகவே, பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மிகக் குறைந்த ஏழு நாள் ஓட்டத்தை வைத்துக் கழிவு அனுமதியைக் கணக்கிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அனுமதி கொடுக்கும்போது சராசரி ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவதைவிட ஏமாற்று வேலை வேறில்லை.

வெள்ளம் வந்தால்? வரத்து 200 கனமீட்டர் என்றால் அந்த நிலையத்தின் கழிவு காணாமலே போய்விடும். ஆனால் அப்போது மேலிருந்து வரும் தண்ணீரும் பழைய 2 பிஓடியில் இருக்காது. நிலத்தைக் கழுவிக்கொண்டு வந்த நீர் அது. 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்த பிறகும் ஏறத்தாழ 6 தான். கோடையின் 11-ஐவிட இது பரவாயில்லை என்று தோன்றும். இப்போது ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிலோ அழுக்கு ஆற்றில் போகிறது என்று பாருங்கள். கோடையில் சுமார் 1,900 கிலோ. வெள்ளத்தில் சுமார் 1,05,000 கிலோ. செறிவு பாதியாகக் குறைந்தும் மொத்தச் சுமை ஐம்பது மடங்குக்கு மேல். செறிவு அந்த இடத்து மீனுக்கு முக்கியம். சுமை, ஆறு போய்ச் சேரும் ஏரிக்கும் கடலுக்கும் முக்கியம். மழை ஆற்றைச் சுத்தப்படுத்துகிறதா அழுக்காக்குகிறதா என்ற சண்டையில் பாதி, இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருவது.

கோடையில் தண்ணீர் குறைவது ஒரு அடி என்றால், சூடேறுவது இன்னொரு அடி. 10 டிகிரி செல்சியஸில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 9.1. 30 டிகிரியில் 7.6 மட்டுமே. பெரும்பாலான மீன்கள் நிம்மதியாக வாழ 5-க்கு மேல் வேண்டும் என்று வைத்தால், 10 டிகிரியில் கைவசம் 6.3 இருக்கிறது, 30 டிகிரியில் 2.6 தான். கையிருப்பு குறையும் அதே நேரத்தில் செலவு கூடுகிறது: சூட்டில் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னும், மீனும் அதிகமாக மூச்சு வாங்கும்.

கழிவு கலந்த இடத்திலிருந்து கீழே போகப்போக ஆக்சிஜன் முதலில் சரிந்து, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, காற்றிலிருந்து ஆக்சிஜன் கரையக்கரைய மீண்டும் ஏறும். இந்த வளைவை ஒஹையோ ஆற்றில் ஆராய்ந்து 1925-இல் சமன்பாடாக எழுதினார்கள் ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள். நூறு ஆண்டு ஆகியும் ஆறுகளுக்கான கணித மாதிரிகள் பலவற்றுக்கு அடிப்படை அதுதான். பருவத்தைப் பற்றி அதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. சூடான காலத்தில் அந்தப் பள்ளம் ஆழமாகவும் கழிவு வாய்க்குப் பக்கத்திலும் இருக்கும். குளிர்காலத்தில் ஆழம் குறைந்து, கீழே வெகுதூரம் தள்ளிப் போய்விடும். மாதிரி எடுக்கும் இடம் மட்டும் ஆண்டு முழுக்க ஒரே பாலத்தடியில் நிலைத்திருக்கும். குளிர்காலத்தில் "இங்கே ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு வருவார்கள். பள்ளம் இருபது கிலோமீட்டர் கீழே இருக்கலாம்.

பாசி வந்துவிட்டால் நாளுக்குள்ளேயே ஒரு பருவம் உண்டாகிவிடும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். பிற்பகலில் அளவு கரையக்கூடிய எல்லையையே தாண்டிப் போகும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடியலுக்குச் சற்று முன் அடிமட்டம். மாதிரி எடுப்பவர் காலை பத்து மணிக்கு மேல் வந்தால் இந்த ஆபத்து அவர் கண்ணில் படவே படாது. மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தவர்கள் ஆற்றோரத்தில் இருப்பவர்கள்தான். ஆய்வகத் தாளில் அது இருக்காது.

பாசியோடு சேர்ந்து இன்னொரு விஷயமும் நடக்கும். பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறும். சாக்கடையிலிருந்து வரும் அம்மோனியாவில் பெரும்பகுதி சாதாரணமாக அயனி வடிவில் இருக்கும், அது அவ்வளவு கெடுதல் செய்யாது. அயனியாகாத பகுதிதான் மீனின் செவுளைத் தாக்கும் நஞ்சு. 10 டிகிரியில் பிஹெச் 8 என்றால் அந்த நச்சுப் பகுதி மொத்த அம்மோனியாவில் 1.8 சதவீதம். 25 டிகிரியில் அதே பிஹெச்சில் 5 சதவீதத்துக்கு மேல். 25 டிகிரியில் பிஹெச் 9-ஐத் தொட்டால் 36 சதவீதம். சாக்கடையில் ஒரு துளி அம்மோனியா கூடவில்லை. நச்சு மட்டும் இருபது மடங்கு. அறிக்கையில் "மொத்த அம்மோனியா" என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று சொல்பவர்கள், பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் வெப்பநிலையையும் பிஹெச்சையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பருவமும் கழிவும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022-இல் ஓடர் ஆற்றில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போலந்து, ஜெர்மனி எல்லையில் ஓடும் ஆறு அது. அந்த ஆண்டு ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை அங்கே செத்து ஒதுங்கிய மீன்கள் சுமார் 360 டன். முதலில் பாதரசம் என்று பேச்சு அடிபட்டது, அது உறுதியாகவில்லை. யாரோ ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக நஞ்சைக் கொட்டிவிட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிராங்பர்ட் என்ற ஊரில் (பெரிய பிராங்பர்ட் இல்லை, ஓடர் கரையில் இருக்கும் சின்ன ஊர்) தானியங்கி அளவி ஒன்று இருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குப் பிறகு அதில் மூன்று கோடுகள் ஒன்றாக ஏறின: மின்கடத்துதிறன், பிஹெச், ஆக்சிஜன். மின்கடத்துதிறன் ஏறினால் நீரில் உப்பு கூடியிருக்கிறது என்று பொருள். ஆனால் மீன் சாகும் நேரத்தில் ஆக்சிஜன் ஏன் கூடுகிறது? பாசி. அதுவும் புரிம்னீசியம் பார்வம் என்ற பொன்னிறப் பாசி, மீன்களைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கக்கூடியது. உவர்நீரில் வாழும் இனம், நல்ல தண்ணீர் ஆற்றில் அதற்கு வேலையே இல்லை. சுரங்கங்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்த உப்புக் கழிவு ஆற்றை அதற்குத் தோதாக ஆக்கி வைத்திருந்தது. அந்த உப்பு புதிதாக வந்ததில்லை, வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் வறட்சியால் ஆறு சுருங்கியது, உப்பு செறிந்தது, தண்ணீர் சூடானது, உரச்சத்து ஏற்கெனவே இருந்தது, தேங்கிய இடங்களில் பாசி பெருகியது. வெப்பத்தை மட்டும் குறை சொன்னால் அது பொய். உப்பை மட்டும் குறை சொன்னாலும் பாதிதான் சரி.

இனி மழைக்கு வருவோம். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் புதுவெள்ளம்தான் ஆண்டின் மிக மோசமான தண்ணீர் என்று பல ஆறுகளில் சொல்லலாம். தெருக்களிலும் கூரைகளிலும் காய்ந்த வாய்க்கால்களிலும் மாதக்கணக்கில் சேர்ந்தது அத்தனையும் முதல் சில மணி நேரத்தில் வந்துவிடும். டயர் தேய்ந்த துகள், பிரேக்கிலிருந்து உதிரும் செம்பு, துத்தநாகம், எண்ணெய், மலக்கிருமிகள். இரண்டாவது, மூன்றாவது மழையில் அதே தெருவில் வழித்தெடுக்க அவ்வளவு மிச்சம் இருக்காது. இதனால்தான் "மழைக்காலச் சராசரி" என்ற எண்ணை நான் நம்புவதில்லை. முதல் மழையும் பத்தாவது மழையும் ஒரே பருவத்தில் விழுந்தாலும், ஆற்றுக்கு அவை ஒன்றல்ல.

ஒரே வெள்ளத்துக்குள்ளும் இந்த வித்தியாசம் இருக்கும். வெள்ளம் ஏறும்போது நொடிக்கு 50 கனமீட்டர், இறங்கும்போதும் ஒரு கட்டத்தில் அதே 50 கனமீட்டர். ஏறும்போது எடுத்த தண்ணீர் செம்மண்ணாய்க் கலங்கியிருக்கும், இறங்கும்போது எடுத்தது பாதி தெளிந்திருக்கும். பக்கத்திலேயே கிடந்த வண்டல் முதலில் அடித்துக்கொண்டு போனால் இப்படி வரும். சில ஆறுகளில் தலைகீழாக, இறங்கும்போதுதான் கலங்கல் உச்சத்துக்குப் போகும். அப்படியென்றால் மண் தொலைவிலிருந்து, மேல்மலையிலிருந்து, அல்லது இடிந்து விழும் கரையிலிருந்து வருகிறது என்று ஊகிக்கலாம். ஒரே வெள்ளத்தில் ஆறேழு மாதிரி எடுத்தால் தெரியும் விஷயம் இது. மாதம் ஒன்று வீதம் பத்து ஆண்டு எடுத்தாலும் தெரியாது.

நகரங்களில் மழைக்கு இன்னொரு முகம் உண்டு. பழைய நகரங்கள் பலவற்றில் சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போகும். பெருமழையில் குழாய் கொள்ளாது, நிலையம் தாங்காது, உபரி நேராக ஆற்றுக்குத் திறந்துவிடப்படும். லண்டன் கதை இதில் வேடிக்கையானது. 1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன் பிறகுதான் பசால்ஜெட் என்ற பொறியாளர் வடிவமைத்த பெருஞ்சாக்கடைகள் வந்தன. கோடை நாற்றம் தீர்ந்தது. ஊர் பெருத்து, குழாய் அதேதான் என்றான பிறகு, மழை பெய்தால் சாக்கடை தேம்ஸில் வழியத் தொடங்கியது. கோடைப் பிரச்சினை மழைக்காலப் பிரச்சினையாக மாறிவிட்டது. அதைப் பிடிக்க 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றோடு ஒட்டி ஒரு சுரங்கம் தோண்டினார்கள். 2025-இல்தான் அது முழுமையாக இணைந்தது.

மலக்கிருமிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலின் புறஊதாக் கதிர் அவற்றைக் கொல்லும், தெளிந்த நீரில் நன்றாகவே கொல்லும். கலங்கிய நீரில் கதிர் உள்ளே இறங்காது. படுகைச் சேற்றில் ஒளிந்துகொண்டு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கவும் அவற்றால் முடியும். அதனால் மழை நாளில் ஈ.கோலை எண்ணிக்கை எகிறினால் அது அன்று கலந்த சாக்கடை என்று உடனே முடிவு கட்டக் கூடாது; வெள்ளம் படுகையைக் கிளறியதும் காரணமாக இருக்கலாம். குடிநீர் நிலையங்களுக்கு இந்தக் காலம் இரட்டைத் தலைவலி. கலங்கல் கிருமிகளைக் குளோரினிடமிருந்து மறைக்கும். சரி, குளோரினைக் கூட்டிவிடலாம் என்றால், வெள்ளத்தோடு வந்த மக்கிய இலைச்சத்து குளோரினோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்களை உண்டாக்கும், அதுவும் உடம்புக்கு ஆகாது.

நைட்ரேட் கொஞ்சம் தந்திரக்காரன். பாஸ்பேட் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, நிலத்தின் மேல் ஓடும் வெள்ளத்தோடு வரும். நைட்ரேட் தண்ணீரிலேயே கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் மழை தொடங்கிய நாளில் ஆற்றில் நைட்ரேட் குறைவது போலத் தெரியும், தெருவில் ஓடிய மழைநீர் அதை நீர்த்துப்போகச் செய்கிறது. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்த பிறகு, ஊற்றாகக் கசிந்து வரும் நிலத்தடி நீரில் நைட்ரேட் மெல்ல மெல்ல ஏறும். சில இடங்களில் இன்று ஆற்றில் வரும் நைட்ரேட், பல ஆண்டுகளுக்கு முன் வயலில் போட்ட உரம். இன்று உரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் நாளை ஆற்றில் குறைந்து காட்டாது; திட்டம் தோற்றுவிட்டது என்று அவசரப்பட்டு மூடிவிடுகிறார்கள். மிசிசிப்பி ஆறு வசந்தகாலத்தில் சுமந்து வரும் நைட்ரேட், மெக்சிகோ வளைகுடாவில் பாசியாகி, மக்கி, கோடையில் கடலடியில் ஆக்சிஜனற்ற பரப்பாக விரிகிறது. 2017-இல் அது சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். ஆற்றின் வசந்தகாலச் சுமைதான் கடலின் கோடைச் சாவு.

குளிர்நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலைப் பனியைக் கரைக்கப் போடும் உப்பு குளிர்காலத்தில் ஓடைகளில் குளோரைடை ஏற்றும். அதில் ஒரு பகுதி நிலத்தடிக்குப் போய்க் கோடையிலும் கசிந்துகொண்டிருக்கும். பனி உருகும்போது முதலில் உருகும் பகுதியோடு, பனியில் சேர்ந்திருந்த அமிலமும் உப்புகளும் பெருமளவு வெளியேறிவிடும், அதனால் உருகலின் தொடக்க நாள்களில் ஓடை திடீரென்று அமிலமாகும். உறைந்த மேற்பரப்பு காற்றிலிருந்து ஆக்சிஜன் வரும் வழியை அடைத்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்களும் 10 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். ஆக, குளிர்காலத்தில் அதே நிலையம் அதிக அம்மோனியாவை விடும்.

பருவம் மாறும் அந்தத் தருணமே ஆபத்தாக இருப்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் மெனிண்டி அருகே 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் லட்சக்கணக்கில் மீன்கள் செத்தன. வறட்சியில் ஓட்டம் நின்று, தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய நீர் இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது: மேலே சூடான, பாசி நிறைந்த நீர், அடியில் ஆக்சிஜனே இல்லாத நீர். வெயில் திடீரென்று தணிந்து குளிர்காற்று வீசியதும் மேலடுக்கு குளிர்ந்து கீழே இறங்கி, இரண்டும் கலந்துவிட்டன. கலந்த நீரில் மீன் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை. ஊருக்கெல்லாம் இதமாக இருந்த அந்தக் குளிர்ச்சிதான் மீனுக்கு எமனானது.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? கையில் தரவு இருந்தால் முதலில் செய்ய வேண்டிய வேலை, நாள்வாரியான வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு மாசின் செறிவையும் அன்றைய ஆற்று ஓட்டத்துக்கு எதிராக வரைவது. ஓட்டம் கூடக்கூடச் செறிவு விழுந்தால், பெரும்பாலும் குழாய்க் கழிவு. கூடக்கூட ஏறினால், மழை அள்ளிவரும் பரவல் மாசு. ஓட்டம் எப்படி மாறினாலும் செறிவு அசையாமல் கிடந்தால், மண்ணிலும் நிலத்தடியிலும் எவ்வளவு எடுத்தாலும் தீராத இருப்பு இருக்கிறது என்று பொருள். பல ஆண்டு உரம் போட்ட பகுதிகளில் நைட்ரேட் அடிக்கடி இப்படி நடந்துகொள்ளும். பருவத்தின் பெயரை வைத்துத் தரவைப் பிரிப்பதைவிட ஓட்டத்தை வைத்துப் பிரிப்பது எவ்வளவோ மேல். நாள்காட்டியில் மழைக்காலம் என்று இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் ஆற்றுக்கு அது கோடைதான்.

இதில் ஒரு பொறி உண்டு. கோடையில் ஓட்டம் குறையும்போது பாஸ்பேட் ஏறினால் சாக்கடைதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் படுகை வண்டலில் இரும்போடு கட்டுண்டிருந்த பழைய பாஸ்பேட் விடுபட்டு மேலே வரும். வரைபடத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். குழாய் வாய்க்கு மேலேயும் கீழேயும் ஒரே நாளில் எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

பிஓடியை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. பல நாடுகளில் அது 20 டிகிரியில் 5 நாள் வைத்துச் செய்யும் சோதனை. இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள். எப்படிச் செய்தாலும் புட்டிக்குள் உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அளவுகோல். தொழிற்சாலைக் கழிவில் உலோகமோ வேறு நஞ்சோ இருந்தால் அவை செத்துப்போகும், பிஓடி குறைவாக வரும், தண்ணீர் நல்லது போல் தெரியும். கூடவே சிஓடியும் செய்ய வேண்டும்; நுண்ணுயிர்களை நம்பாமல், வேதிப்பொருளால் அழுக்கைச் சிதைத்து ஆக்சிஜன் தேவையை அளக்கும் சோதனை அது. வீட்டுச் சாக்கடையில் பிஓடி, சிஓடியில் ஏறத்தாழ பாதி இருக்கும். அது ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று சரிந்தால் எங்கோ ஆலைக் கழிவு கலக்கிறது என்று தேட ஆரம்பிக்கலாம்.

பணம் இருந்தால் இன்னும் நுட்பமான அடையாளங்கள் கிடைக்கும். காபியில் இருக்கும் கஃபீனைச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் அழித்துவிடும். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு அங்கேயும் சிதையாமல் தப்பி வரும். ஆற்றில் இரண்டும் இருந்தால் சுத்திகரிக்காத சாக்கடை நேரடியாகக் கலக்கிறது. சுக்ரலோஸ் மட்டும் இருந்தால் அது நிலையத்தைத் தாண்டி வந்த நீர். மழை நாளில் கஃபீன் திடீரென்று தலைகாட்டினால் எங்கோ சாக்கடை வழிகிறது. நைட்ரஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட நைட்ரஜன் அணுக்களின் விகிதம்), உரத்தையும் மலக்கழிவையும் ஓரளவு பிரித்துக் காட்டும்; ஆனால் மனிதக் கழிவா மாட்டுச் சாணமா என்று கேட்டால் அது கையை விரித்துவிடும். அதற்கு, மனிதக் குடலில் மட்டும் அதிகமாக வாழும் பாக்டீரியாக்களின் மரபணுவைத் தேடும் சோதனைகள் இருக்கின்றன.

பணம் குறைவு, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதிரிக்குத்தான் வழி என்றால் மாதத்துக்கு ஒன்று என்று பங்கிட வேண்டாம். கோடையின் மிகக் குறைந்த ஓட்டத்தில் குழாய் வாய்க்கு மேலும் கீழும் ஒரு ஜோடி, அதே இடங்களில் விடியலுக்கு முன் ஒரு ஜோடி. முதல் புதுவெள்ளம் ஏறும்போது மூன்று, இறங்கும்போது இரண்டு. வெள்ளம் முழுக்க வடிந்து தண்ணீர் தெளிந்து சில வாரம் கழித்து ஒன்று. மிச்சம் இரண்டைக் குளிர்காலத்துக்கும், எதிர்பாராமல் மீன் செத்து மிதக்கும் நாளுக்கும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நேரம், நீரின் வெப்பநிலை, பிஹெச், மின்கடத்துதிறன், அன்றைய ஓட்டம் ஐந்தையும் அங்கேயே குறித்துவிட வேண்டும். ஓட்டத்தை அளக்கக் கருவி இல்லையென்றால் பாலத்தூணில் அளவுகோல் வரைந்து நீர்மட்டத்தையாவது எழுதுங்கள். ஓட்டமோ மட்டமோ இல்லாத மாதிரியை ஆய்வகம் எவ்வளவு துல்லியமாகச் சோதித்துக் கொடுத்தாலும், அதில் பருவம் எது, கழிவு எது என்று பிரிக்க வழியில்லை.